இடுப்புத் தசைநாண் தையல் அறுவைக்குப் பின்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

இடுப்பின் பக்கவாட்டில், கையை வைத்தால் தட்டுப்படும் எலும்பு மேட்டில் வந்து ஒட்டும் தசைநாண்கள் கிழிந்து, அவற்றை மீண்டும் எலும்போடு சேர்த்துத் தைக்கும் அறுவை முடிந்தவர்களுக்கும், அதற்கு நாள் குறித்துக் காத்திருப்பவர்களுக்கும், அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. இங்கே தரப்பட்டுள்ள வாரக் கணக்குகள் பொதுவாகப் பின்பற்றப்படுபவை. கிழிசலின் அளவு, தையலின் உறுதி, நோயாளியின் வயது ஆகியவற்றைப் பார்த்து உங்கள் அறுவை மருத்துவர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். தையல் எவ்வளவு இழுவை தாங்கும் என்பதை நேரில் பார்த்தவர் அவர் ஒருவரே.

எது கிழிந்தது, எப்படித் தைக்கப்பட்டது

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சற்று நேரம் நாம் ஒற்றைக்காலில்தான் நிற்கிறோம். அப்போது இடுப்பு எதிர்ப்பக்கமாகச் சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்துபவை நடுப்பிட்டத் தசையும் சிறுபிட்டத் தசையும் ஆகும். இவற்றின் தசைநாண்கள் தொடை எலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் மேட்டில் ஒட்டுகின்றன. ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டின்மேல் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான விசை விழுகிறது என்பதையும், அதில் பெரும்பங்கு இந்தத் தசைகளின் இழுவையால் வருகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், கிழிந்தவர் ஏன் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார் என்பது புரியும்.

இக்கிழிசல் 40 வயதைக் கடந்த பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமை, படியேறும்போது வலி, நெடுநேரம் நின்றால் கடுப்பு ஆகியவை அடையாளங்கள். முதுகுத்தண்டு வட்டுக் கோளாறு என்றோ, எலும்பு மேட்டின்மேல் இருக்கும் நீர்ப்பையின் வீக்கம் என்றோ கருதி ஆண்டுக்கணக்கில் மாத்திரை தின்றவர்கள் பலர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த பிறகே பலருக்கும் கிழிசல் தெரியவருகிறது.

அறுவையில், எலும்பு மேட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அதில் ஆங்கர் எனப்படும் சிறு திருகுகளைப் பதித்து, அவற்றோடு பிணைந்துள்ள நூல்களால் தசைநாணை இழுத்து எலும்பின்மேல் அழுத்தித் தைக்கிறார்கள். சிறு துளைகள் வழியாகக் கருவியைச் செலுத்திச் செய்வதும் உண்டு. திறந்து செய்வதும் உண்டு. வெளியே தெரியும் காயத்தின் அளவை வைத்து உள்ளே இருக்கும் தையலின் பலத்தைக் கணிக்கக் கூடாது. சிறு துளைதானே என்று நினைத்து முன்கூட்டியே நடந்து திரிபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சந்தூர்ப் பக்கத்து நாற்றங்கால்களில் ஒட்டுக் கட்டிய மாங்கன்றைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். சுற்றிய நாடா கிளையைப் பிடித்துத்தான் வைத்திருக்கிறது; ஒட்டுவதைச் செய்வது செடியின் திசு. நாடா இறுக்கமாக இருக்கிறதே என்று கன்றைப் பிடித்து ஆட்டினால் ஒட்டுப் பிரிந்துவிடும். ஆங்கரும் நூலும் செய்வது நாடாவின் வேலை மட்டுமே. தசைநாண் எலும்போடு ஓரளவு பிடிப்புக் கொள்ள 6 வாரம் முதல் 12 வாரம் வரை ஆகிறது. அந்த இணைப்பு முதிர்ந்து உறுதிப்பட ஓராண்டுகூட ஆகலாம். வலியோ பெரும்பாலும் 3, 4 வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வலி போவதற்கும் ஒட்டு உறுதிப்படுவதற்கும் இடையிலுள்ள இந்தக் காலத்தில்தான் தையல் அறுந்துபோகும் வாய்ப்பு மிகுதி. இவ்வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

அறுவைக்கு முன்பே முடிக்க வேண்டியவை

வீட்டைத் தயார்செய்வதை அறுவைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. இங்குள்ள வீடுகள் பலவற்றில் வாழ்க்கை தரையில்தான் நடக்கிறது: தரையில் உட்கார்ந்து உண்பது, பாயில் படுப்பது, குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பது, சம்மணமிட்டுப் புளி தட்டுவது, கொல்லையில் குந்தும் கழிப்பறைக்குச் செல்வது. இவை அனைத்தும் இடுப்பை 90 பாகைக்கும் மேல் மடக்குபவை. எழும்போது தைத்த தசையை வலுவாக இழுப்பவை. ஆகவே குறைந்தது 3 மாதத்துக்கு இவை எதுவும் கிடையாது என்பதை வீட்டில் எல்லோரும் முன்னதாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் கழிப்பறை. மேற்கத்தியக் கழிப்பறை இல்லாத வீட்டில், நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி ஒன்றை வாங்கிவிடுவதே நல்லது. சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். சில இடங்களில் வாடகைக்கும் தருகிறார்கள். இருக்கையின் உயரம் நீங்கள் நின்றால் உங்கள் முழங்காலின் உயரத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். கைப்பிடி உள்ளதாகவும், கால்களில் ரப்பர் பொருத்தியதாகவும் இருப்பது அவசியம். அதை வைக்கும் இடம் வழுக்காத தரையாக இருக்கட்டும். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால், முதல் சில வாரங்களுக்குப் படுக்கையறையிலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. இரவில் ஈரமான கொல்லைத் தரையில் வாக்கரோடு நடந்து விழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது படுக்கை. பாய் கூடாது, கயிற்றுக் கட்டிலும் கூடாது. கயிற்றுக் கட்டிலின் நடுப்பகுதி தொய்ந்து உடலைக் குழிக்குள் இழுப்பதால் இடுப்பு மடங்கி, தொடைகள் உட்பக்கமாகச் சேர்ந்துகொள்ளும். நாம் தவிர்க்க வேண்டியது அதைத்தான். கெட்டியான மெத்தை போட்ட மரக்கட்டில் வேண்டும். உயரம் போதாவிட்டால் நான்கு கால்களுக்கும் ஒரே அளவான மரக்கட்டைகளை வைத்து உயர்த்தலாம். ஆடாமல் நிற்கிறதா என்று ஒருவர் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

நடக்கும் வழியில் சாக்குமிதியடி, ஒயர், சிறு முக்காலி எதுவும் இருக்கக் கூடாது. உயரமான நிலைப்படி உள்ள வீடுகளில் வாக்கர் எந்த இடத்தில் ஊன்றப்படும் என்பதை அறுவைக்கு முன்பே நடந்து பார்க்க வேண்டும். வாக்கரையும் ஊன்றுகோலையும் கையாளுவதற்கு வலி இல்லாத நாளிலேயே பழகிவிடுவது பெரும் உதவி. ஆடு மாடு உள்ள வீட்டில் பால் கறப்பதற்கும் தீவனம் போடுவதற்கும் 3 மாதத்துக்கு வேறு ஆள் வேண்டும். வாரம் இரண்டில் மனம் கேட்காமல் தொழுவத்துக்குப் போய்க் குந்தியவர் உண்டு என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில உள்ளன. இடுப்பில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் எப்போது, எத்தனை முறை என்பதைச் சொல்லுங்கள். ஊசிக்கும் அறுவைக்கும் இடையே போதிய இடைவெளி இருக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் மூன்று மாதச் சராசரி அளவைப் பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அது மிகுந்திருந்தால் காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும், தசைநாண் ஒட்டுவதும் தாமதமாகும். பீடி, சிகரெட், புகையிலை எல்லாமே இரத்த ஓட்டத்தைக் குறைத்து ஒட்டுதலைக் கெடுப்பவை. அறுவைக்கு முன் சில வாரங்களும் பின் 3 மாதமாவதும் அவற்றை விட வேண்டும்.

இவ்விரு மாவட்டங்களுக்கே உரிய ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகள் இங்கு நிறைய உண்டு. அதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது. அதற்கு முன் பல்லாண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்தவர்களில் சிலருக்குப் பற்களில் பழுப்புக் கறையும், எலும்பு மூட்டுகளில் இறுக்கமும் இருக்கும். எலும்பைத் தாக்கும் ஃபுளோரைடு நோயில் தசைநாண்களும் தசைநார்களும் எலும்போடு சேரும் இடங்களில் சுண்ணாம்பு படிவதுண்டு. பற்களில் அத்தகைய கறை உள்ளவர்கள் அதை அறுவை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. வெளியூர் மருத்துவருக்கு இந்த எண்ணம் தானாக வர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

வீடு திரும்பும் பயணம்

இவ்வறுவைக்காக இங்கிருந்து பெங்களூருக்கோ சேலத்துக்கோ செல்பவர்கள் பலர். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பேருந்தில் திரும்புவதை நினைக்கவே கூடாது; பேருந்துப் படியின் உயரமும் நெரிசலும் போதும் தையலைக் கெடுக்க. காரில் முன்னிருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, சாய்வாக வைத்து, பள்ளமான இருக்கையாக இருந்தால் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்த வேண்டும். இருக்கையின்மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்தால் உடல் எளிதில் வழுக்கித் திரும்பும். முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு வேறொருவர் அறுவை செய்த காலைத் தாங்கிக்கொள்ள, இரண்டு கால்களையும் சேர்த்தே உள்ளே திருப்புங்கள். உட்கார்ந்தவுடன் அந்தப் பையை உருவிவிட வேண்டும். முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை இருக்கட்டும். மணிக்கு ஒரு முறையாவது வண்டியை நிறுத்தி, கணுக்காலை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். சேலத்திலிருந்து வருபவர்கள் தொப்பூர்க் கணவாயில் ஓட்டுநரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தசைநாண், எவ்வளவு கிழிசல், எத்தனை ஆங்கர், எத்தனை வாரத்துக்கு எவ்வளவு எடை ஊன்றலாம் என்பவை அதில் எழுதியிருக்க வேண்டும். உள்ளூரில் உங்களுக்குப் பயிற்சி தரப்போகிறவர் அந்தத் தாள் இல்லாமல் ஊகத்தில்தான் வேலை செய்ய முடியும்.

முதல் இரண்டு வாரம்

காயத்தை நனைக்காமல் காப்பதும், இரத்தம் உறைவதைத் தடுப்பதும், வலியை அடக்கித் தூங்குவதும் இக்காலத்தின் வேலைகள். தோலின் மேலுள்ள தையல் பெரும்பாலும் 10 முதல் 14 நாளுக்குள் பிரிக்கப்படும். அதுவரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம். நீர் புகாத கட்டுப் போட்டிருந்தால் மருத்துவர் அனுமதியோடு உயரமான நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கலாம். காயத்தின்மேல் மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதையும் வைக்கக் கூடாது.

கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் கெண்டைக்கால் இரத்தக் குழாயில் கட்டி உறையாமல் காப்பது அதுவே. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 20 முறை, இரண்டு கால்களிலும் செய்ய வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ ஊசியோ எழுதியிருந்தால் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உறவினரின் வண்டிக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலைத் தரும். முக்குவது இடுப்புக்கும் நல்லதன்று. தண்ணீர், கீரை, பழம் ஆகியவற்றோடு தேவைப்பட்டால் மலமிளக்கியும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பழைய மருந்துச் சீட்டை நீட்டி மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்குவதை மட்டும் தவிருங்கள். சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப்புண்ணும் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

ஆறாம் வாரம் வரை: செய்யக் கூடாத ஐந்து

அறுவை செய்த காலைத் தன் பலத்தால் பக்கவாட்டில் விலக்கக் கூடாது. அந்தக் காலை உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோகக் கூடாது; கால்மேல் கால் போடுவது இதில் அடங்கும். இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது. ஊன்றிய காலின்மேல் உடலைத் திருப்பக் கூடாது. அறுவை செய்த பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. இவ்வைந்தில் முதலாவதுதான் மறதியில் அதிகம் மீறப்படுகிறது, ஏனெனில் கட்டிலிலிருந்து இறங்கும்போது காலை விலக்குவதை நாம் யோசித்துச் செய்வதில்லை. ஆகவே இந்த 6 வாரமும் கட்டிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் வேறொருவர் அந்தக் காலைக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் அடியில் தாங்கிக் கொண்டுவர வேண்டும். தனியாக இருக்க நேர்ந்தால், நீளமான துண்டைப் பாதத்தில் மாட்டிக் கையால் இழுத்து நகர்த்தலாம்.

மல்லாந்து படுத்து, இரண்டு தொடைகளுக்கும் இடையே கெட்டியான தலையணை வைத்துத் தூங்குவதே பாதுகாப்பானது. மருத்துவர் அனுமதித்த பிறகு நல்ல பக்கம் ஒருக்களிக்கலாம். அப்போது மேலேயுள்ள கால் கீழே சரியாதபடி முழங்கால் முதல் பாதம் வரை தலையணைகள் தாங்கியிருக்க வேண்டும். ஒரே ஒரு தலையணையை முழங்காலுக்கு மட்டும் வைத்துப் பாதத்தைத் தொங்கவிட்டால் தொடை உட்பக்கம் திரும்பித் தையலை இழுக்கும்.

நடையைப் பொறுத்தவரை, பெரும்பாலானவர்களுக்கு முதல் 6 வாரம் பாதத்தைத் தரையில் சமமாக வைத்து, சுமார் 10 கிலோ எடை மட்டும் ஊன்ற அனுமதிப்பார்கள். பெரிய கிழிசலுக்கு 8 வாரம். 10 கிலோ என்றால் எவ்வளவு என்பதை உடல் எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் அந்தப் பாதத்தை வைத்து அழுத்திப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பாதத்தைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டே நடப்பது இன்னும் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு, ஏனெனில் காலை அந்தரத்தில் பிடித்திருக்க இடுப்புத் தசைகள் இடைவிடாமல் இறுக வேண்டியிருக்கிறது. முதலில் வாக்கரை முன்னே வையுங்கள். அடுத்து அறுவை செய்த காலை வையுங்கள். பிறகு கைகளில் எடையைத் தாங்கி நல்ல காலைக் கொண்டுவாருங்கள். படியேற நேர்ந்தால் நல்ல கால் முன்னே செல்ல வேண்டும். இறங்கும்போது ஊன்றுகோலும் அறுவை செய்த காலும் முன்னே இறங்க வேண்டும்.

இக்காலத்தில் பயிற்சி என்பது மிகக் குறைவு. கணுக்கால் அசைவு, முழங்காலை மெத்தையில் அழுத்தித் தொடையின் முன்தசையை இறுக்கி 5 நொடி பிடித்தல், பயிற்சியாளரின் கையால் மட்டும் காலை மென்மையாக மடக்கி நீட்டுதல் ஆகியவை போதும். காலை நேராக நீட்டி உயர்த்தும் பயிற்சி முழங்கால் வலிக்காரர்களுக்குச் சொல்லப்படுவது. பக்கத்து வீட்டில் ஒருவர் அதைச் செய்து குணமானார் என்று நீங்களும் செய்துவிடாதீர்கள்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்காமல் இருப்பது இங்கு மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். வந்தவர்களுக்கு வீட்டார் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டால் நோயாளி தடுமாறி எழ வேண்டியிராது. வருகிறவர்களில் யாரேனும் ஒருவர் எண்ணெய் தேய்த்து உருவிவிடும் வைத்தியரைச் சொல்வார். காலை இழுத்துக் கட்டுப் போடும் இடத்தைச் சொல்வார். தைத்த தசைநாணை உருவுவதும் இழுப்பதும் தையலை அறுப்பதற்கான நேர்வழி. அன்போடு சொல்பவரைப் புண்படுத்தாமல் மறுத்துவிடுங்கள்.

உணவு

ராகிக் களி இங்குள்ளவர்களின் பலம் என்பதில் ஐயமில்லை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் அதில் புரதம் 7 கிராம் அளவுதான். அறுவைக்குப் பின் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 கிராமுக்குக் குறையாத புரதம் தேவைப்படுவதால், 60 கிலோ எடையுள்ளவர் 70 கிராமுக்கு மேல் உண்ண வேண்டும். களியோடு கீரைக் கடைசல் மட்டும் என்றால் இது எட்டாது. கொள்ளு, துவரை, பயறு, வேர்க்கடலை ஒவ்வொன்றிலும் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். களிக்குக் கொள்ளுக் கடைசலும், காலையில் இரண்டு முட்டையும், மாலையில் வேகவைத்த கடலையும், இரவில் பாலும் சேர்த்தால் செலவில்லாமல் பெரும்பகுதி கிடைத்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும். மாம்பழப் பருவத்தில் அறுவை நடந்திருந்தால், சர்க்கரை நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் கூடையை வைக்காதீர்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வாரம்: மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம்

வலி இல்லை, காயம் ஆறிவிட்டது, மருத்துவரும் எடை ஊன்றத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டார். இப்போதுதான் நோயாளி வாக்கரை மூலையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறார். எடை ஊன்றத் தொடங்கலாம் என்பதற்குப் படிப்படியாக, 2 முதல் 4 வாரங்களில், 10 கிலோவிலிருந்து முழு எடைக்குச் செல்லலாம் என்பதே பொருள்.

முறை இப்படி இருக்கட்டும். முதல் வாரத்தில் இரண்டு ஊன்றுகோலோடு பாதி எடை வரை ஊன்றுங்கள். வலியும் நொண்டலும் கூடாவிட்டால் அடுத்து ஓர் ஊன்றுகோல் போதும். அந்த ஒன்றை அறுவை செய்த காலுக்கு எதிர்க்கையில்தான் பிடிக்க வேண்டும். வலது இடுப்பில் அறுவை என்றால் இடது கையில். வலிக்கும் பக்கமே பிடிப்பது இயல்பாகத் தோன்றினாலும், எதிர்க்கையால் ஊன்றும்போதுதான் தைத்த தசை இழுக்க வேண்டிய விசை வெகுவாகக் குறைகிறது. ஊன்றுகோலை எப்போது விடுவது என்பதற்கு நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம், நடையைப் பாருங்கள். வீட்டில் ஒருவர் உங்களைப் பின்னாலிருந்து கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். அறுவை செய்த காலில் நிற்கும் நொடியில் மறுபக்க இடுப்பு கீழே இறங்கினாலோ, உடல் அறுவை செய்த பக்கம் சாய்ந்தாலோ, ஊன்றுகோல் இன்னும் வேண்டும். நொண்டிக்கொண்டே ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது தசையைப் பழக்குகிறது என்று சிலர் வாதிடுவார்கள். அது தவறான நடையைத்தான் பழக்குகிறது; பின்னால் அதை மாற்றுவது பெரும்பாடு.

தசைக்கான முதல் வேலையும் இப்போது தொடங்குகிறது. மல்லாந்து படுத்து, முழங்கால்களுக்கு மேல் ஒரு பெல்ட்டைத் தளர்வின்றிக் கட்டி, காலை வெளியே தள்ளுவதுபோல் மிக மெதுவாக அழுத்தி, கால் நகராமல் 5 நொடி பிடித்து விட வேண்டும். தொடக்கத்தில் முழுப் பலத்தில் கால் பங்குதான் போட வேண்டும். இருக்கை உயரமாக வைத்த, எதிர்ப்பு ஏதுமில்லாத உடற்பயிற்சிச் சைக்கிளை 5, 10 நிமிடம் மிதிக்கலாம். மல்லாந்து முழங்காலை மடித்து இடுப்பை மேலே தூக்கும் பயிற்சியை 8 வாரத்துக்குப் பின், பயிற்சியாளர் பார்க்கும்போது தொடங்கலாம். இவற்றில் எதைச் செய்தாலும் அன்றிரவு இடுப்பின் பக்கவாட்டில் வலி எழுந்து மறுநாள் காலைக்குள் அடங்காவிட்டால், முந்தைய நாள் செய்தது அதிகம். அதைப் பாதியாகக் குறையுங்கள். தசை அலுப்பு வேறு, எலும்பு மேட்டின்மேல் சுட்டுவதுபோல் வரும் வலி வேறு. இரண்டாவது எழுந்தால் தயக்கமின்றி நிறுத்த வேண்டும்.

பிசியோதெரபிக்கு வாரம் மும்முறை நகரத்துக்குப் போய்வருவது அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு எளிதன்று. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெயரைப் பதிந்து கேளுங்கள். வருபவரிடம் முதல் நாளே அறுவைக் குறிப்பைக் காட்டுங்கள். பக்கவாதம், முழங்கால் தேய்மானம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இவ்வறுவை அரிது. ஆகவே மேலே சொன்ன ஐந்து தடைகளையும் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவைத்தால் வருகிற எவருக்கும் குழப்பமிராது.

மூன்று மாதத்துக்குப் பின்

12 வாரம் முடிந்து, நொண்டல் இல்லாத நடை வந்த பிறகே உண்மையான பலப்படுத்தல் தொடங்குகிறது. கண்ணாடி முன் நின்று, மேசையைப் பிடித்துக்கொண்டு அறுவை செய்த காலில் மட்டும் நின்று, இரண்டு பக்க இடுப்பெலும்பும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே முதல் பயிற்சி. 5 நொடியில் தொடங்கி 30 நொடி வரை உயர்த்தலாம். பிறகு 10 செ.மீ. உயரப் பலகையில் மெதுவாக ஏறி இறங்குதல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டு நடை, நல்ல பக்கம் ஒருக்களித்து மேல்காலை உயர்த்துதல் ஆகியவை வரும். ரப்பர் பட்டை கட்டிச் செய்வது இன்னும் பின்னால். இடுப்பின் பக்கவாட்டைக் காலை குறுக்கே இழுத்து நீட்டும் பயிற்சியை மட்டும் எந்தக் கட்டத்திலும் தேடிச் செய்ய வேண்டாம். அது தசைநாணை எலும்பு மேட்டின்மேல் வைத்து அழுத்துகிறது.

இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் ஒருபக்கமாக உட்கார்ந்து செல்வது, முழங்கால்கள் சேர்ந்து உடல் திரும்பிய நிலை என்பதால் 4 மாதம் வரையாவது தள்ளிப்போடத்தக்கது. சொந்தமாக ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு, திடீரென நிறுத்தும்போது அந்தக் காலை ஊன்றி வண்டியைத் தாங்கும் பலம் வந்திருக்க வேண்டும். 3 மாதத்துக்கு முன் எவருக்கும் அது வராது. தரையில் சம்மணமிடுவதையும் குந்துவதையும் 4 முதல் 6 மாதத்துக்குள், மருத்துவர் பார்த்து அனுமதித்த பின், முதலில் உயரம் குறைந்த முக்காலியில் உட்கார்ந்து பழகித் தொடங்கலாம். புளி தட்டும் வேலையையும் பூக்கட்டும் வேலையையும் மேசையில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து முன்னதாகவே செய்யத் தடையில்லை. ஒரே இருக்கையில் முக்கால் மணிக்கு மேல் மட்டும் இருக்க வேண்டாம்.

களையெடுப்பு, கடலை பிடுங்குதல், மூட்டை தூக்குதல், ரோஜாத் தோட்டத்தில் நாள் முழுதும் நிற்றல் ஆகியவற்றுக்கு 6 மாதம் எனக் கணக்கு வையுங்கள். கிழிசல் பெரிதாக இருந்தால் 9 மாதம். ஸ்கேனில் தசைக்குள் கொழுப்புப் படிந்திருப்பதாகச் சொல்லியிருந்தால் பலம் மீளுவது மெதுவாகவே இருக்கும், சிறு சாய்வு நடை எஞ்சிவிடவும் கூடும். அறுவை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. வலியைப் போக்குவதில் அத்தகையவர்களுக்கும் பயன் கிடைக்கிறது.

எந்தக் கட்டத்திலும், சுளீரென்ற சத்தத்தோடு இடுப்பில் வலி எழுந்து நடை மீண்டும் சாய்ந்துபோனால், எடை ஊன்றுவதை நிறுத்தி ஊன்றுகோலுக்குத் திரும்பி, அந்த வாரத்துக்குள் அறுவை மருத்துவரைப் பாருங்கள். காயத்தில் சீழ், பரவும் சிவப்பு, 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல் ஆகியவற்றுக்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அறுவை வெளியூரில் நடந்திருந்தாலும் முதல் சிகிச்சைக்குத் தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று, அங்கிருந்தே அறுவை மருத்துவரோடு பேசலாம்.

சுமையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை முற்றாக விட்டுவிட வேண்டும். குடத்துக்கு இடம் கொடுக்க இடுப்பு ஒருபக்கம் தள்ளி நிற்கும்போது தசைநாண் எலும்பு மேட்டின்மேல் இறுக அழுந்துகிறது; குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்பதிலும் இதுவே நடக்கிறது. ஒரு கையில் பை சுமக்க வேண்டியிருந்தால் அறுவை செய்த பக்கத்துக் கையிலேயே பிடியுங்கள்; எதிர்க்கையில் பிடித்த பை தைத்த தசையின் வேலையைக் கூட்டுகிறது. தண்ணீருக்குச் சிறு வாளிகள் இரண்டாக எடுத்து இரண்டு கைகளிலும் சமமாகச் சுமக்கலாம், அல்லது தள்ளுவண்டியில் குடங்களை வைத்துக் கொண்டுவரலாம். இரண்டுமே 6 மாதத்துக்குப் பிறகுதான். அதுவரை தண்ணீர் எடுக்கும் வேலை வீட்டிலுள்ள மற்றவர்களுடையது.